கிரீன் கார்டிலிருந்து குடியுரிமை: வரி பாக்கி தடையா?

கேள்வி (குடியாத்தம்): அமெரிக்காவில் இருக்கும் தம்பி என்-400 (குடியுரிமை மனு) போடப் போறான். 2022 வரியில் பாக்கி இருக்கு. காட்பாடி வீட்டு வாடகையையும் அங்கே காட்டலை. மனு தள்ளுபடி ஆகுமா?

பதில் 1: பாக்கி இருக்குன்னு மட்டும் தள்ளிட மாட்டாங்க சார், மறைச்சாத்தான் வினை. ஃபாரம் 9465 போட்டு ஐஆர்எஸ்ஸிடம் (அமெரிக்க வரித்துறை) தவணை வாங்கச் சொல்லுங்க. ஒப்புதல் கடிதம், கட்டின ரசீது, 5 வருஷ டிரான்ஸ்கிரிப்ட் (ஐஆர்எஸ் தரும் வரிக்கணக்குப் பதிவு) எல்லாம் நேர்காணலுக்குக் கையில் இருக்கணும்.

பதில் 2: வாடகைதான் பெரிய ஓட்டை. கிரீன் கார்டுக்காரருக்கு உலக வருமானம் முழுக்கக் கணக்கில் வரும். 1040-எக்ஸ் (திருத்தின வரிக்கணக்கு) போட்டுத் திருத்திட்டு, பிறகு என்-400. இங்கே இந்தியாவில் கட்டின வரிக்கு ஃபாரம் 1116-ல் கழிவு உண்டு. வேலூர் என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியரின் வங்கிக் கணக்கு) உட்பட வெளிநாட்டுக் கணக்கெல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாள் 10,000 டாலர் தாண்டினாலும் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) தனியா போடணும்.

பதில் 3: கிரீன் கார்டு வாங்கின பிறகு 1040-என்ஆர் (அங்கே குடியிருக்காதவர் போடும் வரிக்கணக்கு) போட்டாரா, முதல்ல அதைப் பாருங்க. நிரந்தரக் குடியிருப்பு உரிமையையே விட்டுட்டதா எடுத்துக்க இடமிருக்கு. பாக்கியைவிட அதான் ஆபத்து.