மறு: மறு: பேனல் கேப், ஷிம் – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பழைய பிரிட்டிஷ் காரின் மடிகூரை (கன்வெர்ட்டிபிள்) வகைக்கான சீரமைப்புக் கையேடு தமிழாகிறது. கதவுப் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரண்டு சொற்களில் நிற்கிறது. மூடிய கதவின் ஓரத்துக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே தெரியும் கோடு, பேனல் கேப். போல்ட் இறுக்கும் இடத்தில் உயரம் கூட்ட வைக்கும் மெல்லிய தகடு, ஷிம். இப்போதைக்கு 'இடைவெளி', 'செருகுத்தகடு' என்று போட்டிருக்கிறேன். ஆனால் இரு கீல்களுக்கு நடுவிலுள்ள தூரத்துக்கும் அதே பக்கத்தில் 'இடைவெளி' வந்து குழப்புகிறது.

இலக்கண ஆசிரியர்:
செருகுத்தகடு பிழை. அது வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஊறுகாயை ஊறுக்காய் என்போமா? 'செருகுதகடு' என்று எழுதுங்கள். மடிகூரையில் மட்டும் தப்பித்தீர்கள். 'மடிக்கூரை' என்றிருந்தால் ஆசாரம் பார்க்கிற கூரையாகியிருக்கும்.

கேப்புக்கு 'இடுக்கு' போதும். இடுகு, இடுங்கு, இடுக்கு, இடுக்கி எல்லாம் ஒரு குடும்பம். வள்ளுவரின் இடுக்கண்கூட இடுங்கிய கண்தான். இடுப்பும் இங்கேதான் வரும் என்பது என் கட்சி. அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

பட்டறைப் பயிற்றுநர்:
ஐயா, இடுப்பு இருக்கட்டும், கதவுக்கு வருவோம். தகடு எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று தெரியாமல் பேர் வைத்தால் பேர் நிற்காது.

ஹெரால்டுக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், உண்டு. பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. மூடிய காரில் மேற்கூரை முன்னையும் பின்னையும் பிடித்துக்கொள்ளும். மடிகூரையில் அது இல்லை. பாடி நடுவில் தொய்ந்தால் கதவின் முன்தூணும் பின்தூணும் மேல்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அதனால் கேப் மேலே ஒடுங்கி, கீழே விரியும். அப்படித் தெரிந்தால் கீலைத் தொடவே கூடாது. சேஸியின் பக்கக் கிளைகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை திடமாக இருந்தால், பாடிக்கும் சேஸிக்கும் நடுவே, கதவுக்கு நேர்கீழே உள்ள இடங்களில் ஷிம் கூட்டுங்கள். வண்டி சமதரையில், நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது அளக்கவேண்டும். ஜாக்கியில் தூக்கிவைத்து அளந்தால் இறக்கியதும் எல்லாம் மாறிவிடும்.

கதவுத்தூணில் கீலுக்குப் பின்னால் வைக்கும் ஷிம்முக்கு வேறு கணக்கு. கீல்களுக்கு நடுவே 300 மி.மீ., கதவு நீளம் 900 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கீழ்க்கீலில் 1 மி.மீ. ஷிம் வைத்தால் கதவின் பின்முனை 3 மி.மீ. மேலேறும். அதற்கு முன் கதவைப் பாதி திறந்து முனையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். லொடலொட என்று ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது. எத்தனை ஷிம் வைத்தாலும் நிற்காது. கதவோர ரப்பரையும், தூணிலிருந்து பூட்டைப் பிடித்துக்கொள்ளும் ஸ்ட்ரைக்கரையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கவேண்டும். ஸ்ட்ரைக்கர் இருந்தால் தொங்கிய கதவையும் தூக்கிப்பிடித்து நேராகக் காட்டும். கதவைப் பின்தகட்டுக்கு ஒப்பப் பொருத்தி, முன்மூடியை (பானெட்டை) கடைசியாகச் சரிசெய்யுங்கள்.

ஆக, இந்தத் தகடு எங்கேயும் 'செருகி' நிற்கவில்லை. அடியிலோ பின்னாலோ உட்கார்ந்து தாங்குகிறது.

அகராதிக்காரர்:
பயிற்றுநர் சொன்ன 'தாங்குகிறது'தான் திறவுகோல். ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்பதை 'அண்டை கொடுப்பது' என்கிறோம். 'அண்டைத்தகடு' என்று வைக்கலாமே? 'ஆப்பு' வேண்டாம், அது ஒருபக்கம் கூர்ந்தது, ஷிம் முழுதும் ஒரே கனம்.

இலக்கண ஆசிரியர்:
அண்டைத்தகடு சரி, ஒற்றும் சரி. ஆனால் அண்டை என்றால் அயலும்தானே? பக்கத்துத் தகட்டைத்தான் அண்டைத்தகடு என்று படிப்பார்கள்.

பட்டறைப் பயிற்றுநர்:
அதுவேதான். பேனல் கேப் என்பதே பக்கத்துத் தகட்டைப் பற்றிய பேச்சு. 'அண்டைத்தகட்டோடு இடுக்கு 4 மி.மீ.' என்று அச்சாகிவிட்டால், படிப்பவன் ஷிம்மைத் தேடுவான். இதன் இந்திய வடிவமான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961 முதல் சென்னையிலேயே ஓடிவந்தது. அதைப் பிரித்து மாட்டிய கைகளுக்கு இது 'ஷிம்', அது 'கேப்'. அவர்களுக்குத் தெரியாத தமிழை அவர்களுக்கான கையேட்டில் ஏன் போடவேண்டும்?

அகராதிக்காரர்:
அவர்களுக்குத் தெரியும், அவர்களிடம் வேலை கற்க வரும் பையனுக்குத் தெரியாது. 'இடுக்கு' என்றால் அவனுக்கு உடனே புரியும். ஷிம்முக்கு 'அண்டை' என்று மட்டும் விடலாம். தகடு என்ற ஒட்டு இல்லாவிட்டால் குழப்பமும் இல்லை. '1 மி.மீ. அண்டை கொடுக்கவும்.' வாக்கியம் தானாக அமைகிறது பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. 'இடுக்கு' உறுதி. 'அண்டை'க்கு நான்கு பேர் தனிமடலில் ஆதரவு சொன்னார்கள். முதல் முறை வரும் இடத்தில் 'ஷிம் எனப்படும் அண்டை' என்று எழுதிவிடுகிறேன். கதவும் பின்தகடும் மேடுபள்ளம் இல்லாமல் ஒரே தளத்தில் நிற்பதற்கு 'ஒருமட்டம்' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

பட்டறைப் பயிற்றுநர்:
உண்டு. மட்டம் என்றால் படுக்கைவாட்டு. ரசமட்டத்தைக் கொண்டுவந்து கதவின்மேல் வைப்பார்கள்.

இலக்கண ஆசிரியர்:
'மட்டம்' எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.