சாத்தானோடு பேரம்: காமெடி ஸ்கிரிப்டுக்கு ஒரு ஒப்பந்த ஓட்டை வேண்டும்

வணக்கம். 22 நிமிட டிவி காமெடி ஸ்கிரிப்ட் ஒன்று, ஆத்மாவைச் சாத்தானிடம் விற்பவன் கதை. 5ஆவது நிமிடத்திலேயே கையெழுத்து விழுந்துவிடுகிறது. முட்டுவது கடைசி 4 நிமிடத்தில்: அவன் எப்படித் தப்பிப்பான்?

'ட்விலைட் ஸோன்' என்ற அமெரிக்க டிவி தொடரின் 'எஸ்கேப் கிளாஸ்' (Escape Clause, 1959) எபிசோட் வழி வேண்டாம். சாகாவரம் வாங்கியவனுக்கு மரண தண்டனைக்குப் பதில் ஆயுள் தண்டனை கிடைப்பது அருமைதான், ஆனால் அதில் ஜெயிப்பது சாத்தான்.

'சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் 1993 ஹாலோவீன் எபிசோடில் இரண்டு ஓட்டைகள். ஒரு டோனட்டுக்கு ஆத்மாவை விற்ற நாயகன் ஹோமர் கடைசித் துண்டை மிச்சம் வைக்கிறான், ஒப்பந்தம் பாதியில் நிற்கிறது. (ராத்திரி பசியில் அதையும் தின்றுவிடுவான், அதுதானே ஹோமர்!) அப்புறம் விசாரணையில், அந்த ஆத்மா ஏற்கெனவே மனைவி மார்ஜுக்கு எழுதிக் கொடுத்தது என்று கல்யாண போட்டோவின் பின்பக்கம் காட்டிக்கொடுக்கிறது. 'பேரம் முடியவில்லை', 'விற்க உரிமை இல்லை' இரண்டும் இதிலேயே தீர்ந்துபோயின.

மூன்றாவது வகை ஏதாவது தோன்றுகிறதா? தேதிக் குழப்பம், பொய்க் கையெழுத்து இரண்டும் தேறவில்லை. பார்ப்பவருக்கு முன்பே தெரியாத விதி கடைசியில் வந்தால் ஏமாற்று வேலையாகத்தான் படும். ஆகவே உங்கள் ஓட்டை முதல் காட்சியிலேயே ஒரே வரி ஜோக்காக வந்துபோகக் கூடியதாக இருக்கட்டும். கோர்ட் சீன் மட்டும் வேண்டாம், செட் ஒன்றுதான்.