பழைய 16 பிட் புரோகிராமுக்குத் தனி மெமரி: டிக் போடலாமா, கூடாதா?

மண்டபம் நண்டுக்காரன்:
எங்க நண்டு கம்பெனியில இன்னும் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிதான். எடை பதியிறது ஒரு புரோகிராம், சிட்டை அடிக்கிறது இன்னொண்ணு. ரெண்டும் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் சரக்கு. போன வாரம் விடியக்காலம் வள்ளமெல்லாம் கரை சேர்ந்த நேரம், சிட்டை புரோகிராம் அப்படியே நின்னுச்சு. ரெண்டும் ஒரே மெமரியில ஓடுனதால கூடவே எடையும் உறைஞ்சு போச்சு. கூடையில நண்டு நுரை தள்ளுது, வரிசையில எனக்கு ஏச்சு. ஷார்ட்கட் பிராப்பர்ட்டீஸ்ல அட்வான்ஸ்டு போய் தனி மெமரிக்கு டிக் போட்டேன். இப்ப ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓடுது. எல்லாரும் போட்டுருங்க.

தொண்டி கருவாட்டு மண்டி:
எல்லாரும்னு சொல்லாதீங்கண்ணே. நான் போட்டப்ப சிட்டை பூரா எடை சைபர். ஒரே மெமரியில இருப்போம்னு நம்பி எழுதுன ஜோடி அது. ஒண்ணு வச்சதை மத்தது நேரா எடுத்துக்கும். நடுவுல சுவர் வச்சா எப்படி எடுக்கும்? 16 பிட் புரோகிராமை ஓட்டுற விண்டோஸ் பகுதி என்.டி.வி.டி.எம்., அது வேற ஆளுக்கொண்ணா ஏறி மெமரியைத் தின்னும்.

மண்டபம் நண்டுக்காரன்:
1994ல விண்டோஸ் என்.டி. 3.5 இந்த வசதியைக் கொண்டாந்தப்ப அது பெரிய கவலை. இன்னைக்கு என் ஓட்டை மெஷின்லயே 512 எம்பி கிடக்கு. டி.டி.இ.ன்னு புரோகிராமுங்க தகவல் மாத்திக்க விண்டோஸே தர்ற வழியில பேசுற புரோகிராம்னா சுவர் தாண்டியும் பேசும். உங்களது குறுக்குவழி. சேர்த்து ஓட்டுனா ஒண்ணு வழிவிட்டாத்தான் அடுத்ததுக்கு முறை, விடலைன்னா மொத்தமும் நிக்கும்.

தொண்டி கருவாட்டு மண்டி:
குறுக்குவழியோ நேர்வழியோ, எழுதுன ஆளே இப்ப ஊர்ல இல்லை. ரெண்டும் ஒரே கணக்கு ஃபைலைத் தொட்டு அது கெட்டா உங்க டிக் காப்பாத்துமா?

மண்டபம் நண்டுக்காரன்:
காப்பாத்தாது. அதுக்குத்தான் ராத்திரி பென்டிரைவ்ல காப்பி.

கீழக்கரை காக்கா:
எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஓட ஆதரவு முடிஞ்சுது. 64 பிட் விண்டோஸ்ல என்.டி.வி.டி.எம்.மே கிடையாது, விண்டோஸ் 11ல 32 பிட்டே கிடையாது. உப்புக் காத்துல அந்த போர்டு எத்தனை நாளைக்குத் தம்பி? புது மெஷின்ல விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ள சாப்ட்வேர்லயே ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) போட்டு எக்ஸ்பியை அதுக்குள்ள ஏத்துங்க. ஏப்ரல் 15லேருந்து 61 நாள் தடைக்காலம், அப்ப மாத்திரலாம்.

மண்டபம் நண்டுக்காரன்:
தடை விசைப்படகுக்குத்தான் காக்கா, வள்ளத்து நண்டு தினமும் வரும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்க, பார்ப்போம். தராசு கேபிளை மட்டும் கழட்டாதீங்க, அதுல ஒரு பின் ஏற்கனவே உப்பேறி ஒடியிற மாதிரி நிக்குது.