சூனியக்காரி தொப்பி: விளிம்பு அலை அலையா நிக்குது, நுனி மடங்குது. உதவி தேவை

தக்கலை தையல்:
9 வயசுப் பிள்ளைக்கு, நவம்பர் 14 மாறுவேடப் போட்டிக்கு. கருப்பு பாப்ளின். தலைச்சுற்று 21 இன்ச், அரை இன்ச் லூஸ் விட்டு 21½. கூம்பு சாய்வு உயரம் 15, விளிம்பு 4 இன்ச் அகலம், இரட்டைத் துணி, உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. 21½-ஐ 6.28-ஆல் (2 × 3.14) வகுத்தால் 3.4. அந்த ஆரத்திலேயே நடுவட்டம் வெட்டினேன். தையல் பிடிப்பு (தையலுக்கு வெளியே விடும் துணி) அரை இன்ச்.

கூம்போடு வைத்துப் பார்த்தால் விளிம்பு 3 இன்ச் மிச்சம். இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருக்கம், விட்டால் அலை. கூம்புக்குள் சார்ட் சுருட்டி வைத்திருக்கிறேன், ரெண்டு நாளில் தொய்ந்து போச்சு. நுனி வேற மொட்டையா, கட்டியா நிக்குது. எதைப் பிரிக்கணும், எதை விடலாம்?

வடசேரி ஊசிநூல்:
கணக்கு சரிதான், கத்திரி வச்ச இடம்தான் தப்பு. 3.4 என்பது தையல் ஓடவேண்டிய வட்டம். அங்கேயே வெட்டிட்டு அரை இன்ச் உள்ளே தள்ளித் தைத்தா தையல் 3.9 ஆரத்தில் ஓடும். 3.9 × 6.28 = 24½. கூம்போ 21½. அந்த 3 இன்ச் இதுதான். நடுஓட்டையை எப்பவும் பிடிப்பைக் கழிச்சு வெட்டணும். உங்க அளவுக்கு 2⅞ இன்ச் ஆரம். வெளிவட்டத்துக்கு மட்டும் பிடிப்பைக் கூட்டணும். துணிக்கடையில் 36 இன்ச் அகலத் துணி 1 மீட்டர் வாங்கினா, 16 இன்ச் வட்டம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து, கூம்புக்கும் இடம் கிடைக்கும். மிச்சம் இருந்தா விளிம்பை மட்டும் புதுசா வெட்டுறதுதான் லேசு.

தக்கலை தையல்:
துணி மிச்சம் இல்லை அக்கா. ஒரு முழம்கூட வராது.

வடசேரி ஊசிநூல்:
அப்போ இருக்கிறதையே சரி பண்ணலாம். வெளித்தையலைப் பிரிச்சு ரெண்டு துணியையும் தனித்தனியா எடுங்க. ஒவ்வொன்றையும் நல்லபக்கம் உள்ளே வர ரெண்டா மடிச்சு, பின்பக்கம் வரப்போற மடிப்பில் ஒரு பிடி (டார்ட்) போடணும். நடுவட்டத் தையல் கோட்டில் மடிப்பிலிருந்து 1½ இன்ச், வெளித்தையல் கோட்டில் மடிப்பிலிருந்து 2⅞ இன்ச். ரெண்டு புள்ளியையும் அளவுகோல் வச்சு நேர்கோடா இணைச்சு, ரெண்டு ஓரம்வரைக்கும் நீட்டித் தையுங்க. முதல்ல வெட்டாதீங்க. கூம்போட வச்சு 21½ வருதான்னு அளந்துட்டு, அப்புறம் அரை இன்ச் விட்டு வெட்டி, தையலை விரிச்சு அயர்ன் பண்ணுங்க.

விளிம்பு இனி சமதளமா நிக்காது, கிட்டத்தட்ட 30 டிகிரி கீழே சரியும். சூனியக்காரி தொப்பிக்கு அது அழகுதான். சமதளமா நின்னா பனங்கூடை மூடி மாதிரி இருக்கும்.

மார்த்தாண்டம் பாபின்:
கொள்ளாம். ஒண்ணு சேர்க்கிறேன். வட்டமா வெட்டின துணியில் நாலு இடத்தில் கிராஸ் (இழைக்குச் சாய்வான வெட்டு) வரும், கையில எடுத்தாலே அந்த இடம் இழுபடும். அதான் அளவு சரியா இருந்தும் சில பேருக்கு விளிம்பு பெருசாகுது. வெட்டின உடனே நடுவட்டத்தில் தையல் கோட்டுக்கு ஒரு நூலிழை அளவு வெளியே, அதாவது ஓரத்துப் பக்கம், ஒரு சுற்று தனித்தையல் ஓட்டிடுங்க. அதுக்கப்புறம்தான் ஓரத்தில் வெட்டுக் கொடுக்கணும்: அரை இன்ச்சுக்கு ஒண்ணு, ⅜ இன்ச் ஆழம், தையலைத் தொடக்கூடாது. கூம்பின் அடியையும் விளிம்பின் ஓட்டையையும் நாலா மடிச்சுக் குறிச்சு, குறி குறியோட சேர்த்துக் குண்டூசி குத்துங்க. ஒரு இடத்தில் தொடங்கி சுத்திக்கிட்டே போனா மிச்சம் முழுசும் கடைசியில வந்து சேரும்.

வெளி ஓரத்துக்கு நேர் வெட்டு போதாது, முக்கோணமா நறுக்கி எடுக்கணும். இல்லேன்னா திருப்பினதும் உள்ளே மடிப்பு மடிப்பா தடிக்கும்.

குளச்சல் காத்து:
சார்ட்டை எடுத்து தூரப் போடுங்க மக்கா. ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம ஊர்ல சார்ட், அட்டை எல்லாம் ஈரம் குடிக்கும். ஒருதடவை மடங்கின தடம் போகவே போகாது. காலர் கேன்வாஸ் (சட்டைக் காலருக்குள்ளே ஒட்டுற பசைத்துணி) ஒட்டுறதுதான் வழி. பசையுள்ள பக்கம் துணியின் உள்பக்கத்தில் வச்சு, மேலே ஒரு காட்டன் துணி போட்டு, ஒரு இடத்தில் 10, 12 எண்ணும்வரை அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்கணும். அயர்னை இழுத்தா கேன்வாஸ் நகர்ந்து குமிழ் வரும். ஆறுகிற வரைக்கும் துணியைத் தூக்காதீங்க. தைக்கிற பிடிப்புல கேன்வாஸ் வராம அரை இன்ச் குறைச்சே வெட்டுங்க, கூம்பில் நுனியிலிருந்து 2 இன்ச்சும் விட்டுடுங்க. நுனி கட்டியா நிக்கிறதுக்குப் பாதிக் காரணம் அங்கே சேர்ற தடிப்பு.

விளிம்புக்குக் கேன்வாஸ் மட்டும் போதாது, ஓரத்துல உயிர் வேணும். கட்டுக்கம்பி வைக்காதீங்க, கடல்காத்துல துரு ஏறித் துணியில கறை வரும். ஈர்க்கில் ஒடிஞ்சு கண்ணைக் குத்தும். வலைக்கடையில தடிச்ச தங்கூசி (தூண்டில் நைலான் நரம்பு) கேளுங்க, 1½ முதல் 2 மில்லிமீட்டர். உங்க விளிம்புக்கு 43 இன்ச் இருந்தா தாராளம். ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளி மேல்தையல் போட்டு, உள்பக்கத் துணியில் ஒரு இன்ச் திறப்பு விட்டு உள்ளே ஓட்டுங்க. சேரும் முனை ரெண்டையும் மின்வயரின் உறையை 2 இன்ச் உரிச்சு அதுக்குள்ளே செருகணும். முனை துணியைத் துளைக்காது. சுருள் அடங்கலேன்னா சுடுதண்ணியில கொஞ்ச நேரம் போட்டு எடுங்க.

தக்கலை தையல்:
43 எப்படி வந்தது அண்ணாச்சி? என் கணக்கில் வெளிச்சுற்று 46½ வருது.

குளச்சல் காத்து:
பிடி போடுமுன்னே 46½. பிடி போட்டதும் 5¾ குறைஞ்சு 40¾. முனை ஒண்ணுமேல ஒண்ணு ஏற 2 இன்ச்.

மார்த்தாண்டம் பாபின்:
நுனிக்கு: கடைசி ஒரு இன்ச்சில் தையல் நீளத்தை 1½ மில்லிமீட்டருக்குக் குறைங்க. பிடிப்பை ⅛ இன்ச் விட்டு நறுக்குங்க, தையலை வெட்டாம நுனியை மட்டும் குறுக்கே ஒரு வெட்டு. இனி கத்திரி முனையால குத்தித் திருப்புறது வேண்டாம், ஓட்டை விழும். தைக்கிறதுக்கு முன்னாடியே ஊசியில் இரட்டை நூல் கோத்து நுனிப் புள்ளியில் முடிச்சுப் போட்டு, நூலைக் கூம்புக்குள்ளே, அதாவது நல்லபக்கம் ரெண்டும் சேர்ற இடத்தில், அடிவரைக்கும் நீட்டி வச்சிடணும். தையல்ல அது மாட்டக்கூடாது. தைச்சு முடிச்சு நூலை மெல்ல இழுத்தா நுனி தானா வெளியே வரும்.

உள்ளே மேல் 4 இன்ச்சுக்கு மட்டும் பாலியஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சு உருண்டை கட்டும்.

தக்கலை தையல்:
அப்போ கூம்பையும் பிரிக்கத்தான் வேணும். கூம்பின் அடியைச் சுத்துற பட்டைக்கு 1½ இன்ச் ஊதா சாட்டின் ரிப்பன் வாங்கி வச்சிருக்கேன். சுற்றிப் பார்த்தேன், மேல் ஓரம் திறந்து வாய் பிளக்குது. க்ளூ கன் போட்டு அமுக்கிடலாமா?

வடசேரி ஊசிநூல்:
வேண்டாம். கூம்பின் அடி 21½, ஒன்றரை இன்ச் மேலே போனா 19⅜ தான். நேர் ரிப்பனுக்கு ரெண்டு ஓரமும் ஒரே நீளம், மேல் ஓரத்தில் மிச்சமாகிற அந்த 2 இன்ச் எங்கே போகும்? சாட்டினைத் துணியாவே வாங்கி, கூம்பு வெட்டின அதே மாதிரித்தாளை வச்சு 15 ஆரத்துக்கும் 13½ ஆரத்துக்கும் நடுவே வளைவா வெட்டுங்க. மேல் ஓரத்துக்கும் அடி ஓரத்துக்கும் பக்கத்துக்கும் அரை இன்ச் கூட விடணும். ரிப்பனையே பயன்படுத்தணும்னா பின்பக்கம் ஒரு மடிப்பு, மேலே 2 இன்ச் கொடுத்து அடியில் ஒண்ணுமில்லாம.

கூம்பைப் பிரிக்கிறதுன்னு ஆனா அது நல்லதுக்குத்தான். பட்டை, சம்கி, ஜரிகை லேஸ் எல்லாம் துணி தட்டையா இருக்கும்போதே தைக்கணும். மூடின கூம்புக்குள்ளே கை போகாது, அதனால்தான் எல்லாரும் க்ளூ கன் எடுக்குறாங்க. வளையுற இடத்தில் அந்தப் பசை ஓடு மாதிரி உரிஞ்சு வரும். சிலந்தி வலைக்கு வெள்ளி ஜரிகை நூலை ஊசியில் கோக்காதீங்க, நார் நாராப் பிரியும். சாக்குக்கட்டியால வரைஞ்ச கோட்டு மேல ஜரிகையைக் கிடத்தி, சாதா சாம்பல் நூலால கால் இன்ச்சுக்கு ஒரு கட்டு. முதல்ல நேர்க்கோடு, அப்புறம் குறுக்கு வளைவு. தையல் ஓரத்துக்கு அரை இன்ச் முன்னாடியே நிறுத்தணும், சம்கியும் அப்படித்தான். மெஷின் ஃபுட்டுக்கு அடியில் சம்கி மாட்டினா ஊசி ஒடியும்.

மார்த்தாண்டம் பாபின்:
கூம்பும் விளிம்பும் சேரும் சுற்றுக்கு 16-ஆம் நம்பர் புது ஊசி. நாலைந்து தடிப்பு வரும், 14-க்குத் தையல் விட்டுவிட்டு விழும். பட்டையின் அடி ஓரமும் அந்தச் சுற்றிலேயே போயிடும். உள்ளே 1 இன்ச் கிராஸ் பட்டி வச்சு ஓரத்தை மூடிடுங்க, நெத்தியில உறுத்தாது. காதுக்கு நேரே ரெண்டு பக்கமும் கால் இன்ச் எலாஸ்டிக், அந்தப் பட்டியிலேயே.

தக்கலை தையல்:
பிரிச்சாச்சு. பிடி போட்டு அளந்தேன், 21⅝ வருது. ⅛ இன்ச் கூடுதல்.

வடசேரி ஊசிநூல்:
அது போதும், நாலு குறிக்குள்ள சமமா அமுங்கிடும். தைக்கும்போது விளிம்பு அடியில, கூம்பு மேலே இருக்கட்டும். மெஷின் பல்லு அடித்துணியைக் கொஞ்சம் கூடுதலா இழுத்துக்கும்.