பனிச்சின்னம் போட்ட டயரை நம்ம ஊர்ல மாட்டலாமா?

ஆலங்குளத்தான்:
அண்ணாச்சிமாரே, வண்டி டிசையர், டயர் 185/65 ஆர்15. நாலும் பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டி) தேஞ்சுட்டு. பழைய டயர் கடையில வெளிநாட்டு செட்டு ஒண்ணு கிடக்கு. சைடுல மூணு முகடு வச்ச மலை, அதுக்குள்ள பனிப்பூ படம். பட்டன் 7 மி.மீ. இருக்கு, பாதி விலை. பனியிலயே பிடிக்கிற டயர் மழையில இன்னும் பிடிக்கும்னு கடைக்காரர் சொல்லுதாரு. தினமும் தென்காசி ரோடு, மாசம் ரெண்டு தடவை புளியரை வழியா புனலூர். வாங்கலாமா, இல்ல புதுசா எல்லாப் பருவத்துக்குமான ஆல் சீசன் டயர் போடவா?

வண்ணார்பேட்டை வீல்:
வேண்டாம் அண்ணாச்சி. குளிர் 7 டிகிரிக்குக் கீழ போனா சாதாரண ரப்பர் விறைச்சிரும். அதனால பனிக்கால டயருக்குக் கலவையையே இளக்கமா செய்வாங்க. நம்ம சித்திரை வெயில்ல தார் ரோட்டுல கால் வைக்க முடியுமா? அந்தச் சூட்டுல பட்டன் ஒவ்வொண்ணும் நெளியும். பிரேக் மிதிச்சா வண்டி நிக்கிற தூரம் கூடும். புளியரை வளைவுல ஸ்டியரிங் ஒடிச்ச பிறகுதான் வண்டி மெதுவாத் திரும்பும். தேய்மானமும் வேகம்.

பட்டனைக் கிட்டப் பாருங்க, பிளேடால கீறின மாதிரி நெளிநெளியா வரி ஓடும். பனி அந்தக் கீறல்ல புகுந்து ஒட்டிக்கிட்டு, ரோட்டுப் பனியைப் பிடிக்கும். அதுதான் அதோட வேலை. மழைத்தண்ணியை வெளிய தள்ளுறதுல பெரும்பங்கு டயரைச் சுத்தி ஓடுற ஆழமான சாலுக்கு. கடைக்காரர் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாரு.

பொதிகைச் சாரல்:
ஒரு திருத்தம். பனிப்பூ சின்னம் சில ஆல் சீசன் டயர்லயும் உண்டு. சின்னத்தை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க. முதல்ல தேதி பாருங்க: டயர் சைடுல டாட் (DOT)-ன்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசை முடிவுல நாலு இலக்கம் இருக்கும். 3818-ன்னா 2018-ம் வருசம் 38-வது வாரம். அவ்வளவு பழசுன்னா 7 மி.மீ. பட்டன் இருந்தும் பிரயோசனம் இல்ல, ரப்பர் இறுகியிருக்கும். சாலுக்கு அடியில முடி மாதிரி வெடிப்பு ஓடுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

புதுசு வாங்கும்போது அளவுக்குப் பக்கத்துல இருக்கிற 88 எச்-ஐப் பாருங்க. 88-ன்னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், எச்-ன்னா 210 கி.மீ. வேகம் வரை. கம்பெனி போட்டதுக்குக் குறைவா வாங்காதீங்க. சாலுக்குள்ள குறுக்கே நிக்கிற மேடு 1.6 மி.மீ. அதுதான் சட்டத்தோட எல்லை. ஐப்பசி மழைக்கு அது போதாது, 3 மி.மீ. வந்தாலே மாத்திருங்க.

காத்து அளவைக் கவனிக்க மறந்துராதீங்க. தேஞ்ச டயர் தேங்கின தண்ணியில 32 பி.எஸ்.ஐ. காத்தழுத்தத்துல சுமார் 94 கி.மீ. வேகத்துல மிதக்க ஆரம்பிக்கும். 24-க்கு இறங்கிட்டா 82-லயே மிதக்கும். காலையில வண்டி எடுக்குமுன்ன அளக்கணும். ஓடிச் சூடான டயர்ல அழுத்தம் கூடுதலாக் காட்டும், அதைப் பார்த்து இறக்கிறக் கூடாது. இப்போதைக்கு ரெண்டுதான் வாங்க முடியும்னா புதுசைப் பின்னால மாட்டுங்க. பின் டயர் வழுக்குனா வண்டி சுத்திரும், அதைத் திருப்பிப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

ஆலங்குளத்தான்:
தெளிவாயிட்டு, நாலும் புதுசே போட்டுருதேன். தங்கச்சி மகன் மான்ட்ரியல்ல கார் வாங்குதான். அவனுக்கும் ஆல் சீசன் போதுமா?

வண்ணார்பேட்டை வீல்:
அங்க போதாது. மான்ட்ரியல் இருக்கிற கனடாவோட கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். வெறும் எம் பிளஸ் எஸ் (M+S, சேறு-பனிக்குன்னு போடுற குறி) எழுத்து செல்லாது, பனிப்பூ சின்னம் வேணும். அதுவும் நாலு வீலுக்கும். முன்னால மட்டும் போட்டா பிரேக்ல பின்பக்கம் இழுத்துட்டுப் போயிரும். பட்டன் 4 மி.மீ.க்குக் குறைஞ்சா பனியில பிடிப்பு போச்சு. தனி ரிம்முல மாட்டி வச்சுக்கிட்டா, வருசம் ரெண்டு தடவை டயரைக் கழட்டி மாட்டுற கூலியும் மிச்சம், டயர் ஓரமும் சேதமாகாது. 20 டிகிரி கராஜ்ல 33 பி.எஸ்.ஐ. அடிச்சது, வெளிய மைனஸ் 20-ல 26 சொச்சம்தான் காட்டும். அதனால குளிர்லயே நிறுத்தி வச்சு அளக்கச் சொல்லுங்க.