லவ்டேல் வீட்டு லான் பட்டை பட்டையாகக் காய்கிறது, பராமரிப்பு நிறுவனம் பனி என்கிறது: உதவி தேவை

லவ்டேல் வீடு
வணக்கம். எங்கள் வீட்டு முன்புறம் சுமார் 6 சென்ட் கிக்குயு புல் இருக்கிறது. மாமனார் நட்டது. தொழுவுரம் மட்டும் போட்டு நன்றாக வைத்திருந்தார். அவருக்கு முடியாமல் போனதால் ஒரு தோட்டப் பராமரிப்பு நிறுவனத்திடம் வருட ஒப்பந்தம் போட்டோம். 24,000 ரூபாயையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். கோவையிலிருந்து ஆள் வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள். வந்ததும் புல்லைத் தரையோடு ஒட்ட வெட்டுவார்கள், யூரியா வீசுவார்கள், கிளம்பிவிடுவார்கள்.

நவம்பர் கடைசியில் புளியாரைக் களைக்கு மருந்து என்று முதுகு டேங்கில் எதையோ கலந்து அடித்தார்கள். டிசம்பர் நடுவில் புல்லில் நீள நீளமாக மஞ்சள் பட்டைகள் தெரிந்தன. இப்போது ஜனவரியில் அவை வைக்கோல் நிறம். கேட் பக்கம் ஓரிடத்தைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருக்கிறது. பின்னால் சைப்ரஸ் மரத்தடியில் புல்லே இல்லை, வெறும் பாசி.

மூன்றுக்கும் அவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பனி மேடம், ஊட்டி முழுக்க இப்படித்தான்." ஒருவரும் நேரில் வந்து பார்க்கவில்லை. ஆனால் புல்லைச் சரிசெய்ய இன்னொரு 9,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் மட்டும் வந்துவிட்டது. என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டால் "கம்பெனி மருந்து" என்கிறார்கள். மாமனார் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்குத் தாங்கவில்லை. இது பனிதானா? கோடை மழைக்குள் என்ன செய்யலாம்?

கோத்தகிரி நாற்றுப்பண்ணை
பனி கோடு போட்டுக் கருக்காது மேடம். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும், அதனால் திறந்த வானத்தின் கீழே தாழ்ந்த இடம்தான் முதலில் கருகும். மரத்தடி தப்பிக்கும். உங்கள் பட்டைகள் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி ஓடுகின்றனவா? பட்டைக்குள் புளியாரையும் செத்திருக்கிறதா, அல்லது புல் மட்டுமா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள்.

பெர்ன்ஹில்காரன்
பனியிலும் கோடு விழும், அதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. உறைபனி படிந்த புல்லை வெயில் வருவதற்கு முன் மிதித்தால் கால் பட்ட இடமெல்லாம் பழுப்பாகும். மிஷினை உருட்டினால் சக்கரத் தடம் அப்படியே நிற்கும். தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் விடியலிலேயே ஸ்பிரிங்க்ளர் போட்டுப் பனியைக் கழுவுவது புல் கருகாமல் இருக்கத்தான். டிசம்பரில் ஆள் வந்து வெட்டினார்களா?

லவ்டேல் வீடு
டிசம்பரில் அவர்கள் வரவே இல்லை. மஞ்சள் தெரிந்த அன்றே போட்டோ எடுத்தேன், போனில் தேதி இருக்கிறது. எங்கள் பக்கம் பனி விழத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான். பட்டைகள் கேட்டிலிருந்து வராந்தா வரை நேராக, ஏறக்குறைய ஒரே அகலத்தில் ஓடுகின்றன. உள்ளே புளியாரையும் செத்துவிட்டது. பட்டைக்கு வெளியே இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் புல் பனியில் நுனி மட்டும் பழுப்பு, அதுவும் பரவலாக.

பெர்ன்ஹில்காரன்
அப்படியானால் பனி இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

கோத்தகிரி நாற்றுப்பண்ணை
ஒருவர் தெளிப்பானைப் பிடித்துக்கொண்டு நடந்துபோன அகலம் அது. புளியாரை மாதிரி அகன்ற இலைக் களைக்கு 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்திருந்தால் களைதான் போகும், புல் பெரும்பாலும் நிற்கும். புல்லும் களையும் சேர்ந்து செத்திருப்பதால் எனக்குக் கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லி மீதுதான் சந்தேகம். அது பச்சையாக இருக்கும் எதன் இலை வழியாகவும் இறங்கி வேர்வரை போகும். குளிரில் மெதுவாக வேலை செய்யும், ஆகவே நவம்பர் கடைசியில் அடித்தது டிசம்பர் நடுவில் தெரிவது பொருந்துகிறது. யூரியா கருகலாக இருந்தால் ஓரங்களில் புல் கரும்பச்சையாகச் செழித்திருக்கும்.

பட்டைக்குள் கொஞ்சம் தோண்டித் தண்டுக்கொடியைக் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் கோடை மழையில் தானே துளிர்க்கும். பழுப்பாகக் குழைந்திருந்தால் அந்தக் கொடி போனதுதான். அதை எடுத்துவிட்டு, ஏப்ரல், மே மழையில் ஓரத்திலிருந்து நல்ல கொடிகளை வெட்டி நடுங்கள். கிக்குயு ஓடிப் பிடித்துக்கொள்ளும், கடையில் புல் வாங்க வேண்டியதில்லை. 9,500 ரூபாயைக் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்
அம்மா, பன்றி கிளறிய இடத்தைத் தனியாகப் பாருங்கள். பன்றி சும்மா கிளறாது, மண்ணில் புழு இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு சதுர அடி, மூன்று அங்குல ஆழம் வெட்டுங்கள். புல் பாய் மாதிரி சுருண்டு வந்தால் வேரை வெள்ளைப்புழு தின்றிருக்கிறது. வளைந்து படுத்திருக்கும், தலை பழுப்பு நிறம். இந்தக் குளிரில் மருந்து போடுவது வீண். மழை தொடங்கி மண் ஈரமானதும் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தை மக்கிய தொழுவுரத்தில் கலந்து போடுங்கள். கோடை மழையோடு வண்டுகள் வெளியே வரும்போது மாலையில் விளக்குப்பொறி வையுங்கள்.

பாசிக்குக் காரணம் நிழல், ஈரம், அமில மண் மூன்றும். நம் மலை மண் இயல்பாகவே புளிப்பு, மாதாமாதம் யூரியா போட்டால் இன்னும் புளிப்பேறும். புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்பைக் கையளவாகப் போடாதீர்கள். குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் மையத்திலோ ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ மண் பரிசோதனை பற்றி விசாரித்து, அவர்கள் சொல்லும் அளவில் போடுங்கள். யூரியாவோடு சேர்த்துப் போடக் கூடாது. சைப்ரஸை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மலைப்பகுதியில் 1955 மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரம் வெட்ட அனுமதி வேண்டும். அந்த நிழலில் பெரணி வையுங்கள், புல் அங்கே வராது.

எனக்கு மனவருத்தம் எதில் என்றால், இவர்கள் சமவெளி அட்டவணையை அப்படியே இங்கே தூக்கி வந்திருக்கிறார்கள். கோவையில் நவம்பரில் யூரியா போட்டு ஒட்ட வெட்டினால் ஒன்றும் ஆகாது. லவ்டேலில் அது இளந்தளிரைக் கிளப்பிவிட்டுப் பனிக்குக் கொடுப்பது. நவம்பர் தொடங்கினால் பிப்ரவரி முடியும்வரை தழைச்சத்தும் வேண்டாம், ஒட்ட வெட்டும் வேண்டாம். இரண்டு அங்குலமாவது நிற்கட்டும்.

குன்னூர் வழக்கறிஞர்
அக்கா, போனில் பேசுவதை நிறுத்துங்கள். அடித்த மருந்தின் பெயர், அளவு, தேதி, தெளித்தவரின் உரிமம் நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மூலமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவு போட்டது, ஆகவே உரிமக் கேள்வியை விடாதீர்கள். ஒப்பந்தம், ரசீது, போட்டோ, அந்தப் "பனி மேடம்" செய்தி எதையும் அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

லவ்டேல் வீடு
எல்லோருக்கும் நன்றி. கேட் பக்கம் வெட்டிப் பார்த்தோம், ஐயா சொன்ன மாதிரி புழு இருக்கிறது. பட்டைக்குள் கொடி வராந்தா பக்கம் முழுக்கப் பழுப்பு, கேட் பக்கம் சில இடங்களில் வெள்ளை. பதிவுத் தபாலில் நான்கு கேள்வியும் அனுப்பியாயிற்று. நேற்று போன் செய்து "எஸ்டிமேட்டைப் பாதியாகக் குறைக்கிறோம்" என்றார்கள், எழுத்தில் பதில் கொடுங்கள் என்று வைத்துவிட்டேன். ஐயாவிடம் ஒரு சந்தேகம்: கிளைபோசேட் பட்ட மண்ணில் ஏப்ரலில் கொடி நட்டால் பிடிக்குமா, மேல்மண்ணை மாற்ற வேண்டுமா?

ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்
மாற்ற வேண்டாம் அம்மா. அது மண்ணில் ஒட்டிக்கொள்ளும், வேர் வழியாகப் பெரிதாக ஏறாது. காய்ந்ததை வாரிவிட்டு, மண்ணை லேசாகக் கிளறி, தொழுவுரம் போட்டு நடுங்கள். மாமனாரிடம் கேட்டு நடுங்கள், அந்த நிலத்தை அவருக்குத்தான் தெரியும்.