டிப்பர் நேருக்கு நேர் அடித்தது, கையெழுத்து வைக்கலாமா? (அவசரம்)

முத்தையன்கட்டுப் பொடியன்:
வணக்கம் அண்ணைமார். மச்சான் மோட்டார் சைக்கிளில் வரும்போது மண் ஏற்றிய டிப்பர் நேருக்கு நேர் அடித்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு, தகடு வைத்திருக்கிறார்கள். டிப்பர் முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார், ஒன்றரை இலட்சம் தாறன், ஒரு தாளில் கையெழுத்து வை என்று. நாளைக் காலமை வருவார்கள். வைக்கலாமா? கெதியாகச் சொல்லுங்கோ.

ஓமந்தைச் சந்தி:
எந்த இடம்? எப்போது நடந்தது? பொலிஸில் முறைப்பாடு இருக்கிறதா? யார் யாருடைய பக்கத்துக்கு வந்தது? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நாங்கள் என்ன சாத்திரமா பார்ப்பது?

பாரவண்டி:
நானும் டிப்பர் ஓடியவன்தான். நேருக்கு நேர் என்றால் மோட்டார் சைக்கிள் எதையோ முந்தப் போயிருக்கும். மண்ணோடு வரும் டிப்பர் நினைத்த இடத்தில் நிற்காது. மச்சான் வெட்டி எடுத்தவரா, அதை முதலில் சொல்லுங்கோ.

வவுனியா அக்கா:
தாளில் என்ன எழுதியிருக்கிறது? "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருந்தால் வைக்கவே வேண்டாம். தகடு கழற்ற இன்னொரு ஒப்பரேசன் வரும். அந்தச் செலவை யார் தருவது?

தராசு:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன், தேடிப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. சரி, இன்னொரு தடவை. பொலிஸ் நீதவான் நீதிமன்றத்தில் போடும் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு. முதலாவதில் கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும். நீதவான் விரும்பினால் காயப்பட்டவருக்கு ஏதும் கொடுக்கச் சொல்லலாம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. முழு நட்டஈடு வேண்டுமென்றால் சாரதிக்கும் உரிமையாளருக்கும் எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் நீங்களே வழக்குப் போட வேண்டும். வழக்குப் போடுவதை டிப்பரின் காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிக்க வேண்டும். அதை விட்டால் பிறகு அவர்களிடம் காசு கேட்பது சிக்கல்.

பாரவண்டி:
மச்சானிடம் லைசென் இல்லையென்றால் ஒரு சதமும் வராது.

தராசு:
தேத்தண்ணிக் கடைச் சட்டம். லைசென் இல்லாதது தனிக் குற்றம், அதற்குத் தண்டம் உண்டு. விபத்துக்கு யார் காரணம் என்பது வேறு கேள்வி. இரண்டு பக்கமும் பிழை என்றால் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பிழையின் அளவுக்கு நட்டஈடு குறையும். முழுதாக இல்லாமல் போகாது.

பாரவண்டி:
புத்தகம் படித்தவர் ஒரு நாள் ஏ9 றோட்டில் இரவு ஓடிப் பாருங்கோ. புளியங்குளம் தாண்டினால் தார் றோட்டில் மாடு படுத்திருக்கும், லைட் இல்லாத லான்ட்மாஸ்டர் உழவு மெசின் முன்னுக்குப் போகும். கடைசியில் பழி டிப்பருக்கு.

வவுனியா அக்கா:
மாடா டிப்பரைக் கூடுதல் நடை ஓடச் சொன்னது? நடைக்கு நடை காசு என்றால் பறக்கத்தானே செய்வார்கள்.

பாரவண்டி:
நடைக்காசில்தான் என்ரை பிள்ளைகள் படித்ததுகள், அக்கா.

ஓமந்தைச் சந்தி:
மாட்டை விடுங்கோ. தம்பி, இருக்கிறீரா?

முத்தையன்கட்டுப் பொடியன்:
மன்னிக்கவும், போனில் சார்ஜ் இல்லை. இடம் ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம், மாங்குளம் றோட். டிப்பர்தான் எங்கட பக்கத்துக்கு வந்தது, பொலிஸ் கீறிய படத்திலும் அப்படித்தான். லைசென் இருக்கிறது. பொலிஸ் வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. அது முடியட்டும் பிறகு பார்ப்போம் என்று இருந்தோம். நடந்து ஒரு வருஷமும் பத்து மாதமும்.

தராசு:
ஒரு வருஷமும் பத்து மாதமுமா! இதைத்தானே முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்? நட்டஈட்டு வழக்குக்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்தான். பொலிஸ் வழக்கு முடியவில்லை என்பதற்காக அந்தக் காலம் நிற்காது. சட்டத்தரணி கடிதம் அனுப்பினாலும் நிற்காது, வழக்கே பதிவாக வேண்டும். முதலாளி ஏன் இப்போது அவசரப்படுகிறார் என்று விளங்குகிறதா?

வவுனியா அக்கா:
நாளைக்கே முல்லைத்தீவுக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கோ. காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேளுங்கோ, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்வார்கள். ஆஸ்பத்திரி டிக்கட், கிளினிக் கொப்பி, மருந்துப் பில், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளக் கணக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கோ.

பாரவண்டி:
டிப்பர் பக்கம் மாறி வந்திருந்தால் நானும் முதலாளிக்காகப் பேச மாட்டேன். போங்கோ தம்பி.

முத்தையன்கட்டுப் பொடியன்:
சரி அண்ணை, சரி அக்கா. கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் மாமி போன கிழமை முப்பதாயிரம் வாங்கிவிட்டாவாம், ஏதோ சின்னத் தாளில் பெருவிரல் வைத்தவ. இப்பதான் சொல்கிறா.

தராசு:
காயப்பட்டவர் மச்சான், மாமி இல்லை. இருந்தாலும் அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரதி தந்தார்களா?

ஓமந்தைச் சந்தி:
தம்பி, மூன்று நாளாகிவிட்டது. முல்லைத்தீவுக்குப் போனீரா?